இரண்டு முள் நெருஞ்சி

ஊருக்குப் போகிறவனிடம் கேம்ப்பில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். சோப்பு, சென்ட், டார்ச் லைட், பேரீச்சம்பழம். எல்லாவற்றையும் வாங்கிப் பையில் திணித்து, பையின் மேல் நானே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்த பிறகுதான் குருசாமி வந்தான். அவன் கொடுத்தது ஒரு காய்ந்த செடி. பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, இரண்டு அட்டைக்கு நடுவில் செடியை வைத்து நூலால் கட்டியிருந்தான்.

"அண்ணே, இதை எங்க ஊர்ல முளைக்கிறதோட வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா, வேறயா, அதை மட்டும் சொல்லுங்க. வேறன்னா நான் தூங்கிருவேன்."

"ஒண்ணா இருந்தா?"

"ஒண்ணுன்னா கருப்பசாமி என் கூட வந்துட்டான்னு அர்த்தம்."

மஸ்கட்டுக்கு வெளியே சாலையோரச் செடிகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். பெயர்தான் பெரிது, வேலை செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களை மேய்ப்பது. குருசாமி என் குழுவில் ஐந்து வருடமாகக் குழாய் பிடிக்கிறான். சிவகாசிப் பக்கம் ஆமத்தூரை ஒட்டி ஏதோ கிராமம். அங்கே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். வெடி விபத்தில் கூட்டாளி கருப்பசாமி செத்துப்போனான் என்றும், அதன் பிறகு அந்த வேலையே வேண்டாமென்று இங்கே வந்துவிட்டதாகவும் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

செடியின் கதை இதுதான். எங்கள் கேம்ப் இருப்பது பொட்டல் பாலைவனம். சரளைக்கல்லும் காற்றும் தவிர ஒன்றும் கிடையாது. குருசாமி வந்த முதல் வருடம், மழை பெய்த பிறகு, அவன் அறை வாசலில் ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்தது. சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் பூ, ஐந்து இதழ். அடுத்த மழைக்கு வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை வரிசையாக முளைத்தது. அவன் நடக்கிற தடம் அப்படியே மஞ்சளாகிவிட்டது. இந்த வருடம் அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அவன் தலைவைத்துப் படுக்கும் ஜன்னலுக்கு அடியில் பூத்து நின்றது.

"வருசத்துக்கு ஒரு எட்டு கிட்ட வாரான்ணே," என்றான். இரண்டு வாரமாக அவன் தூங்கவில்லை. வேலையில் குழாயைப் பிடித்தபடியே ரோட்டில் விழுந்தான். இன்னொரு முறை விழுந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"இது நெருஞ்சிடா. பாலைவனத்துலயும் இருக்கு. ஒட்டகம் திங்குது," என்று அவனை அதட்டினேன். ஆனால் எனக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. பாலைவனத்துக்கே உரிய நெருஞ்சியின் காயில் அப்பள ஓரம் போல மெல்லிய இறக்கை இருக்கும். சாதாரண நெருஞ்சிக் காய் ஐந்து துண்டாக உடையும், துண்டுக்கு இரண்டு நீள முள், இரண்டு குட்டை முள். குருசாமியின் செடியில் நீள முள் இரண்டு மட்டும்தான். குட்டை முள் இல்லை. காயெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ரோமம். பதினோரு வருடத்தில் ஓமானில் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை.

நான் மன்னார்குடிப் பக்கத்துச் சேற்றில் பிறந்தவன். நெருஞ்சியைப் பற்றிப் பெரிதாக என்ன தெரியும்? ஏதோ நான் கவனிக்காமல் விட்ட பாலைவன வகையாக இருக்கும், சிவகாசியில் முளைப்பது நாலு முள்ளாக இருக்கும், போனைப் போட்டு 'வேற' என்று சொல்லிவிடலாம் என்று பதிலை முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

பொங்கல் முடிந்த வாரம். விருதுநகரில் இறங்கியபோது காலைப் பசி. அந்த ஊர் பரோட்டாவை எண்ணெயிலேயே மிதக்கவிட்டுப் பொரித்து எடுக்கிறார்கள். முறுமுறுவென்று இருந்தது. நான்கு சாப்பிட்டேன். ஐந்தாவதையும் பரிமாறுகிறவர் கேட்காமலே வைத்தார். "வெளியூரா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க. அம்புட்டுத் தொலைவு வந்துருக்கீக," என்றார். நான் எவ்வளவு தொலைவு வந்தேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

பரோட்டா மயக்கத்தில் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆமத்தூர் போகும் என்று நினைத்து ஏறியது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல். பஸ் முழுக்க மஞ்சள் சேலை, வேப்பிலை, மொட்டை அடிக்கப்போகிற தலைகள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் மடியிலிருந்த அட்டையைப் பார்த்து, "சாமி படமா?" என்றார். இல்லை, செடி என்று நூலைத் தளர்த்திக் காட்டினேன்.

"நெருஞ்சியைப் போய் மடியில வச்சுக்கிட்டு வாரீகளே. இது யாரு காலுல குத்துனது?"

யார் காலிலும் குத்தவில்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றேன். அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். உட்காரச் சொல்லிக் கூப்பிட்டும் உட்காரவில்லை. சாத்தூரில் கண்டக்டர் என்னை இறக்கிவிடும்வரை அந்த சீட் காலியாகவே இருந்தது. அத்தனை கூட்டத்திலும் வேறு யாரும் அதில் உட்காரவில்லை.

சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றபடி வேறு பஸ் பிடித்து மதியத்துக்கு மேல் சிவகாசி போய்ச் சேர்ந்தேன். லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுத் தெருவைச் சுற்றினேன். எங்கள் ஊரில் தெருவில் வைக்கோல் கிடக்கிற மாதிரி இங்கே வண்ணக் காகிதம் கிடக்கிறது. அச்சாபீஸ் வாசல்களில் போன சீசனில் மிஞ்சிய காலண்டர் தாள்கள். ஒரே லட்சுமி நூறு முறை அடுக்கி வைத்திருந்தது. ஒன்றில் மட்டும் கண்கள் அச்சாகவில்லை. கழித்துக்கட்டிய தாளாக இருக்கும் என்று தெரிந்தும் வேகமாகத் தாண்டிப் போனேன்.

மாலை ஐந்து மணிக்குப் பட்டாசு வேலை முடிந்த ஆட்கள் பஸ்களிலிருந்து இறங்கினார்கள். கையும் கழுத்தும் வெள்ளியாகப் பளபளத்தன. அலுமினியப் பொடி. குளித்தாலும் போகாதாம். வெள்ளிக் கையால் டீ டம்ளரைப் பிடித்து, வெள்ளி உதட்டால் குடித்தார்கள். அங்கே யாருக்கும் அது புதுமையாக இல்லை, நான் ஒருவன்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். லாட்ஜுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், முதுகில் ஒரு வெள்ளிக் கை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தது. கூட்டத்தில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் யாரும் என்னைத் தொட்டதாக ஞாபகம் இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், விரல்கள் மங்கினவே தவிர போகவில்லை.

மறுநாள் காலை, தான் வேலை பார்த்த பட்டாசுத் தொழிற்சாலைக்கு வழி காட்டி குருசாமி வரைந்து கொடுத்த படத்தோடு ஆட்டோ பிடித்தேன். ஆமத்தூர் ரோட்டிலிருந்து கிளைச்சாலையில் திரும்பி, கருவேலங்காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் போனதும் டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"இறங்கிக்கோங்க சார்."

"இன்னும் ரோடு இருக்கே."

"ரோடு இருக்கு. நான் போக மாட்டேன்," என்றார் மரியாதையாக. திரும்பிவரக் காத்திருப்பாரா என்று கேட்டேன். வண்டியின் முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன் என்றார்.

நடந்தேன். பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே 'ஆபீஸ்' என்கிறார்கள். ஆபீஸ் என்றதும் நான் மேசை நாற்காலியை நினைத்திருந்தேன். அது வெறும் கரட்டு நிலம். ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் இன்னொன்றுக்குப் பரவாமலிருக்க அப்படிக் கட்டுவார்களாம். நடுவில் வேப்பமரங்கள், ஒரு காக்கைகூட இல்லை. கேட்டில் பெயர்ப்பலகையை அழித்திருந்தார்கள்.

காவலுக்கு ஒருவர் இருந்தார். பெயர் சன்னாசி. ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டையும் வேட்டியும். குருசாமி பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "குருசாமியா! நல்லா இருக்கானா? உள்ள வாங்க. செருப்பைக் களட்டிருங்க," என்றார். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் காதோடு காதாகப் பேசினார்.

பட்டாசு ஆபீஸில் யாரும் செருப்போடு உள்ளே போகக் கூடாது. அடியில் மண்ணோ கல்லோ ஆணியோ ஒட்டியிருந்து, வெடிமருந்து சிந்திய தரையில் உரசினால் போதும். எத்தனை பேர் வேலை செய்தாலும் அத்தனை பேரின் செருப்பும் கேட்டில்தான் கிடக்கும். சன்னாசி என் சட்டையையும் விடவில்லை.

"நைலான் மாதிரி இருக்கு. கையைத் தேய்ச்சுப் பாருங்க, மயிரு எந்திரிக்குதா? அப்பக் களட்டிருங்க, பொறி தட்டிரும்."

"இப்ப உள்ள மருந்து இருக்கா?"

"குண்டுமணி அளவு கூடக் கிடையாது. ஆபீஸ் மூடி ஆறு வருசம் ஆச்சு."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"இருக்கா இல்லையான்னு அதுகிட்டயா கேக்க முடியும்?" என்றார்.

சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினேன். கேட்டுக்கு உள்பக்கம் சுவரோரமாக இரண்டு சோடி ரப்பர் செருப்பு இருந்தது. வெயிலில் நிறம் போய், ஓரம் சுருண்டிருந்தாலும் தூசி இல்லை. யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் என் செருப்பை விட்டேன்.

"அங்கன வைக்காதீக," என்றார் சன்னாசி பதறிப்போய். "மாறிப் போகும்."

அங்கே எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. செருப்பை எடுத்து ரொம்பத் தள்ளி வைத்தேன்.

வெறும் மேலோடும் வெறுங்காலோடும் அவர் பின்னால் நடந்தேன். மூன்று நான்கு அறைகளைத் தாண்டியதும் பாதை முடிந்தது. எதிரே அறை இருக்க வேண்டிய இடத்தில் அறை இல்லை. செங்கல் அடித்தளம் மட்டும் தரைமட்டத்தில் நீள்சதுரமாகத் தெரிந்தது. அதற்குள் ஓர் அங்குலம் விடாமல் மஞ்சள் பூ. கோட்டுக்கு வெளியே பொட்டல், கோட்டுக்குள் மஞ்சள். உள்ளே சுவர் இடிந்த மண்ணும் சாம்பலும் சேர்ந்து நிலம் இளகியிருக்கிறது, வெளியே பாறை, வேறொன்றுமில்லை. பதினோரு வருடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் கால் நகரவில்லை.

காலை வெயில் என் முதுகில் விழுந்தது. நெருஞ்சிப்பூ சூரியனைப் பார்த்துத் திரும்பி நிற்கும். ஆகவே அந்தச் சதுரத்திலிருந்த அத்தனை பூவும் என்னைப் பார்த்தபடி நின்றன. ஓர் ஓரமாக நகர்ந்து பார்த்தேன். சூரியனை விட்டு விலகியதும் அவை என்னை விட்டுவிட்டன. வெட்கமாக இருந்தது, ஆனால் மறுபடி அந்த இடத்தில் போய் நிற்கவில்லை.

குனிந்து ஒரு காயைப் பறிக்கப் போனபோது உள்ளங்காலில் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே உட்கார்ந்து பிடுங்கினேன். கையில் வைத்துப் பார்த்தேன். நீள முள் இரண்டு. குட்டை முள் இல்லை. காயெல்லாம் வெள்ளை ரோமம். அட்டையைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். இலை, காம்பு, முள், ரோமம், எதிலும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. இன்னும் நாலு காயைப் பறித்தேன், ஒன்றாவது நாலு முள்ளாக இருந்துவிடாதா என்று. அந்தச் சதுரத்தில் எல்லாமே இரண்டு முள்தான். இனிக் குருசாமிக்கு 'வேற' என்று சொல்ல முடியாது.

"முன்னெல்லாம் இது ஒண்ணை விட மாட்டோம்," என்றார் சன்னாசி. "வெறுங்காலுல நடக்குற எடம் பாருங்க. முள்ளு குத்தி ஒருத்தன் துள்ளினா கையில இருக்கிறது கீள விளும். அதுக்குன்னே பொம்பளை ஆளுக வாராவாரம் களை எடுப்பாக. கேட்டு முக்குல மட்டும் கெடக்கும், அங்கனதான் செருப்பு இருக்கே. அன்னைக்கு அப்புறம் யாரு எடுக்கா?"

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் பூக்களைப் பார்க்காமல் சொன்னார்.

"வெடிச்சப்ப உள்ள எத்தனை பேருன்னே தெரியல. கெடச்சதைப் பிரிச்சுப் பாக்க முடியலய்யா. பேப்பர்ல என்ன எளுதினாலும் இங்கன கேட்டுல கெடக்குற செருப்புதான் கணக்கு. உயிரோட இருக்கவன் தன் செருப்பைப் போட்டுட்டு ஓடிருப்பான்ல. மிச்சம் மூணு சோடி கெடந்துச்சு. ரெண்டு சோடியை நீங்களே பாத்தீக. அவுக வீட்டுல வந்து எடுக்கல, நானும் தூக்கிப் போடல."

"மூணாவது?"

"மூணாவது நம்ம குருசாமியோடது. அவன் வீட்டுல மாரடிச்சு அளுது முடியலை, அவனே வந்து நிக்கான். தண்ணி எடுக்கப் போனானாம், வெறுங்காலோட காட்டு வளியா ஓடிட்டானாம். எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா அன்னைக்கு?"

"கருப்பசாமி?"

"அவனுக்கு ஒண்ணும் இல்லய்யா. அவன் செருப்புதான் இல்லையே. வெடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுட்டு வெளிய போயிருக்கான். காலைல வீட்டுல சண்டை, அவன் பொஞ்சாதியே சொல்லுச்சு. கோவிச்சுட்டு எங்கனயோ போயிட்டான். வருவான்."

குருசாமி என்னிடம் பலமுறை சொன்னது இதுவல்ல. கருப்பசாமி செத்துவிட்டான் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கடல் கடந்து என் குழுவில் குழாய் பிடிக்கிறான்.

சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போடும்போது இருமுறை பார்த்து என்னுடையதுதான் என்று உறுதிசெய்துகொண்டு, ஆட்டோவுக்கு ஓடினேன். செல்போனில் சார்ஜ் இல்லாததால் சிவகாசி டெலிபோன் பூத்திலிருந்து கேம்ப்புக்குப் போட்டேன். குருசாமி லீவில் அறையில்தான் இருந்தான்.

"அண்ணே, ஒண்ணா, வேறயா?"

"அது இருக்கட்டும். கருப்பசாமி செருப்பு எங்கடா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுக்கு ஓடியாந்தேன்ணே," என்றான் கடைசியில். "ஒரே புகை. காது அடைச்சுப் போச்சு. கெடந்ததுல காலை விட்டேன். ஓடுனேன். வீட்டு முக்குல வந்துதான் காலைப் பாத்தேன். நீல வாரு. கருப்பசாமியோடது. வைக்கப் படப்புல சொருகிட்டு வெறுங்காலோட வீட்டுக்குள்ள போனேன். ஏன் சொருகினேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"மறுநாள் சொல்லியிருக்கலாமேடா!"

"எங்க அம்மாவும் தங்கச்சியும் என்னையத் தொட்டுத் தொட்டுப் பாத்து அளுதுக்கிட்டிருந்தாக. அப்ப ஒருத்தன் ஓடியாந்து, கருப்பசாமியும் தப்பிச்சுட்டான், செருப்பைக் காணோம்னு சொல்றான். தெருவே கை தட்டுச்சுண்ணே. அதுல போய் நான் எப்படி? அவன் உள்ளதான் இருந்தான். நான் தண்ணிக்குக் கிளம்பயில எனக்கும் ஒரு செம்புன்னான்."

செருப்பை ஊரில் விட்டால் யார் கண்ணிலாவது படும் என்று மஸ்கட்டுக்கே கொண்டுவந்திருக்கிறான். வந்த அன்று அறை வாசலில் வைத்து அதன் அடியைத் தட்டியிருக்கிறான். அடியில் முள் இருந்ததா என்று கேட்டேன். நிறைய இருந்தது என்றான்.

"அவ்வளவுதான்டா. கேட்டுல கெடந்த நெருஞ்சி அந்தச் செருப்புல ஒட்டிக்கிட்டு வந்து வாசல்ல முளைச்சிருக்கு. அதுல விளைஞ்ச முள்ளு கேம்ப்ல இருக்கவன் காலெல்லாம் ஒட்டி குழாயடிக்கும் ஜன்னலுக்கும் போயிருக்கு. பேயும் இல்ல பிசாசும் இல்ல."

"அதத்தான அண்ணே நானும் சொன்னேன்," என்றான். "கூட வந்துட்டான்னு."

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். ஆறு வருடமாக ஒரு பெண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உனக்குத் தூக்கம் ஒரு கேடா என்றேன். அவன் எதையும் மறுக்கவில்லை. "நீங்களே சொல்லிருங்கண்ணே. என்னால முடியல," என்றான். ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பேசாமல் ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். செடியை அடையாளம் பார்க்க வந்தவன் எதற்கு ஒரு குடும்பத்தில் இழவு சொல்ல வேண்டும்? மூன்றாம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கும் போனேன். அங்கே நிற்கும்போது, நாலு முள் நெருஞ்சி இருந்திருந்தால் நான் 'வேற' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன், அந்தப் பெண் சாகும்வரை காத்திருப்பாள் என்று தோன்றியது. ஆமத்தூர் பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை போர்டை நன்றாகப் படித்துவிட்டுத்தான் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கருப்பசாமி வீடு என்றதும், "மாரியக்கா வீடா? அந்தா, குளல் காயுதுல்ல," என்று காட்டினார்கள். வாசலில் பட்டாசுக்கான வெற்றுக் காகிதக் குழல்கள் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. மருந்து இல்லாத வேலை என்பதால் வீட்டிலேயே சுற்றுகிறார்கள். கருப்பசாமியின் மனைவி முத்துமாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, தலையில் கனகாம்பரம், கழுத்தில் தாலி. கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவி உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் மஸ்கட்லேர்ந்து வரேம்மா," என்றேன்.

கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "அவுகளைப் பாத்தீகளா?"

அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. இல்லையம்மா, குருசாமி என் கூட வேலை பார்க்கிறான் என்று மட்டும் சொன்னேன். "இருங்க, மொதல்ல காப்பி குடிங்க. குருசாமி அண்ணன் பாத்துட்டுச் சொல்லி விட்டுருக்காகளா?" என்று உள்ளே ஓடிப்போய்க் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். திருப்பூர், பம்பாய், துபாய் என்று யார் எங்கே போனாலும் அவர்களிடம் அடையாளம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறாளாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கேட்டில் கிடந்த செருப்பு, புகை, குருசாமி காலை விட்டது, படப்பு, தண்ணீர்ச் செம்பு.

அவள் கத்தவில்லை. முறத்தில் இருந்த ஒரு குழலை எடுத்து அதன் துளை வழியாகப் பார்ப்பது போல வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீல வாரா?"

"ஆமாம்மா."

"வாங்கி மூணு நாளுதான் ஆயிருந்துச்சு. எடது காலு கடிக்குதுன்னாக. எண்ணெய் தடவிக் குடுத்தேன்." குழலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குருசாமி அண்ணனுக்கும் கடிச்சுதாமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"அன்னைக்குக் காலைல கொளம்புல உப்பில்லன்னு ஒரு சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. எங்கனயாச்சும் போய்த் தொலைங்கன்னேன். சாயந்தரம் செருப்பைக் காணோம், ஆளு தப்பிச்சுட்டாகன்னு எல்லாரும் சொல்லயில, நான் சொன்ன சொல்லுக்குத்தான் போயிட்டாகன்னு நெனச்சேன். ஆறு வருசமா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்." குழலை முறத்தில் போட்டாள். "அப்ப அவுக கோவிச்சுட்டுப் போகல."

"போகலம்மா."

"வேலைக்குத்தான் போயிருக்காக."

"ஆமாம்மா. வேலையிலதான் இருந்தாரு."

குருசாமியிடம் பேச வேண்டும் என்றாள். என் செல்போனிலிருந்து போட்டு, அவளிடம் கொடுத்தேன். அவன் குரல் எனக்கே கேட்டது. "தங்கச்சி" என்று ஒரே ஒரு வார்த்தை, அதற்கப்புறம் ஒரு ஆம்பிளை வாய்விட்டு அழுகிற சத்தம்தான். முத்துமாரி வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"அண்ணே," என்றாள் போனில். "நீங்க ஆறு வருசம் அளுதுட்டீக. போதும். நான் இன்னும் ஆரம்பிக்கல. போனை வைங்க."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.